நெத்திலி தின்று வளர்ந்த உடம்பு

மண்வெட்டி எதிலோ மோதி ‘டொக்’ என்றது.

குழிக்குள் எனக்கு எதிரே நின்றிருந்த கதீஜா அக்கா நிமிர்ந்து பார்த்தார். முக்காட்டின் நுனியைக் கழுத்துக்குள் செருகி, கால்சட்டையை முழங்கால் வரை மடித்து, தன் தம்பியின் ரப்பர் காலணியைப் போட்டிருந்தார். காலணி பெரிது. நடக்கும்போதெல்லாம் ‘சொளக் சொளக்’ என்றது.

“டீச்சர், இது மரக்கட்டையா, நம்ம ஆளா?”

நான் மண்டியிட்டுக் கையால் மணலை விலக்கினேன். ஈர மணலுக்கு அடியில் பழுப்பாக ஒரு வளைவு தெரிந்தது. விரலால் அதைத் தொடர்ந்து போனேன். வளைவு முடியவில்லை. இன்னும் விலக்கினேன். அப்போதும் முடியவில்லை. நாள்பட்ட விளக்கெண்ணெய் நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது.

“நம்ம ஆளுதான் அக்கா. விலா எலும்பு.”

“அல்லா! ஒத்த எலும்பா இது?” அவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “என் கடைப் பலகையை விட நீளமா இருக்கே லா.”

மேலே கரையில் என் கணவர் சந்திரன் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வானம் கறுத்து வந்தது. எக்ஸ்கவேட்டர் ஓட்டும் ஆ செங், வண்டியை நிறுத்திவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். இந்த இரண்டு பெண்களுக்கும் கிறுக்குப் பிடித்திருக்கிறது என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது.

அவர் நினைத்ததில் தப்பில்லை. நாங்கள் தோண்டிக்கொண்டிருந்தது ஒரு திமிங்கிலத்தை.

பக்கத்துப் பக்கத்து நாற்காலி

இந்தத் தொடரில் என் நோயைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஈப்போவிலிருந்து ஒரு வாசகி, “உங்கள் பள்ளிக்கூடத்தில் திமிங்கில எலும்புக்கூடு நிற்கிறதாமே, அது எப்படி வந்தது?” என்று கேட்டிருக்கிறார். அதைச் சொல்ல வேண்டுமென்றால் இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எனக்கு மார்பில் புற்றுநோய் வந்தது. அறுவை முடிந்தது. பிறகு மருந்து ஏற்றினார்கள். அந்த அறையில் சாய்வு நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருக்கும். ஜன்னலுக்கு வெளியே பினாங்கு மலை தெரியும். மலையுச்சியில் மேகம் உட்கார்ந்திருக்கும். மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும். வாயில் துருப்பிடித்த ஆணியைச் சப்பிய மாதிரி ஒரு ருசி.

முதல் நாள் எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் என்னிடம் பேர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை.

“காலைல என்னா சாப்டீங்க?”

“ஒண்ணும் இறங்கல அக்கா.”

“அப்படிச் சொன்னா எப்படி? நாளைக்கு நம்ம கடைக்கு வாங்க. சூலியா தெருவுல. ரசம் வச்சுத் தர்றேன். சோறு வேணாம். ரசத்த மட்டும் குடிங்க, போதும்.”

கதீஜா அக்காவும் அவர் தம்பியும் நடத்தும் நாசி கண்டார் கடை அது, சோறும் வகைவகையான குழம்பும் விற்பது. அவர்களுடைய வாப்பா காலத்திலிருந்து இருக்கிறது. அக்காவுக்கும் எனக்கும் ஒரே நோய், ஏறக்குறைய ஒரே மருந்து. எனக்கு முடி கொட்டியதற்கு அழுதேன். அவர், “எனக்கு முக்காடு இருக்கு. உங்களுக்கும் ஒண்ணு தர்றேன். பூப்போட்டது வேணுமா, சாதாவா?” என்று கேட்டார். பூப்போட்டதை வாங்கிக்கொண்டேன்.

நான் உயிரியல் ஆசிரியை என்று தெரிந்ததும் அவருக்கு என்னிடம் கேட்க ஆயிரம் கேள்வி இருந்தது. இந்த மருந்து முடியை ஏன் கொட்டவைக்கிறது? நகம் ஏன் கறுக்கிறது? எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். உடம்பில் வேகமாகப் பெருகும் செல்களை இந்த மருந்து அடிக்கும். புற்றும் வேகமாகப் பெருகும், முடி வேரும் வேகமாகப் பெருகும். மருந்துக்கு ஆள் அடையாளம் தெரியாது.

“நம்ம ஊர்வலத்துல பந்தோபஸ்துக்கு நிக்கிறவங்க மாதிரி” என்பார் அக்கா. “எல்லாரையும் தள்ளி விட்டுர்றது.”

அப்போது டுரியான் காலம். பாலேக் பூலாவ் பக்கம் பழம் சாப்பிடப் போனவர்கள் யாரோ எடுத்த படம் ஒன்று கைப்பேசியில் சுற்றிக்கொண்டிருந்தது. கடற்கரைச் சேற்றில் ஒரு திமிங்கிலம் செத்து ஒதுங்கியிருந்தது. பக்கத்தில் நின்ற மீனவர்கள் பொம்மை மாதிரி தெரிந்தார்கள்.

அக்கா தன் கைப்பேசியை என் கண்ணுக்கு நேரே நீட்டினார். அவர் கையில் ஊசி ஒட்டியிருந்த பிளாஸ்திரி ஓரம் பிய்ந்து தொங்கியது. பிறகு கேட்டார்:

“டீச்சர், நம்ம இத்துணூண்டு உடம்பு. இதுக்கே கேன்சர் வந்துருச்சு. இவ்ளோ பெரிய உடம்புக்கு வராதா?”

இத்தனை வருடம் பாடம் நடத்தியவள். இதை யோசித்ததே இல்லை.

“தேடிப் பாத்துச் சொல்றேன் அக்கா” என்றேன்.

பூப்போட்ட முக்காட்டில் ஒரு விண்ணப்பம்

அடுத்த நாள் சந்திரனை அழைத்துக்கொண்டு அந்தக் கடற்கரைக்குப் போனேன்.

அவருக்கு அது பிடிக்கவில்லை. “ஒடம்ப வச்சுக்கிட்டு அந்த நாத்தத்துல போய் என்னா பண்ணப் போற?” என்று டத்தோ கிராமாட்டில் வீட்டுக் கதவைப் பூட்டும்போதே ஆரம்பித்தார். காடியில் போகும் வழியெல்லாம் அதையே சொன்னார். ஆனால் திரும்பவில்லை. முப்பது வருடத்துக்கு முன்னால் என்னைக் கட்டிக்கொண்ட மனிதர். நான் எப்போது திரும்புவேன், எப்போது திரும்ப மாட்டேன் என்று அவருக்குத் தெரியும்.

நாற்றம் தாங்காமல் சுற்றிலும் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். சந்திரன் தென்னை மரத்தடியில் போய்க் குனிந்துகொண்டார். மருந்தினால் என் மூக்குக்கு அப்போது ஒன்றும் தெரியாது. நான் மட்டும் கிட்டப் போய் நின்றேன்.

படத்தில் பார்ப்பது வேறு, பக்கத்தில் நிற்பது வேறு. பள்ளிப் பேருந்து ஒன்று கவிழ்ந்து கிடந்த மாதிரி இருந்தது. கழுத்துக்குக் கீழே நீள நீளமாகக் கோடுகள், மடித்து வைத்த பாவாடை போல. வாயைத் திறக்கும்போது அந்த மடிப்புகள் விரிந்து, ஒரு குளத்துத் தண்ணீரையே உள்ளே வாங்கும். பல்லுக்குப் பதிலாகச் சல்லடை மாதிரி தகடுகள். தண்ணீரை வெளியே தள்ளினால் மீன் உள்ளே தங்கும். எவ்வளவு பெரிய மீன் என்கிறீர்கள்? சுண்டு விரல் அளவு. நம் நாசி லெமாக் சோற்றில் போடுகிற நெத்திலி மாதிரி.

அங்கிருந்த அதிகாரி, சாயங்காலத்துக்குள் அதைப் புதைத்துவிடப் போவதாகச் சொன்னார். நல்ல மனிதர், மலாய்க்காரர்.

“புதையுங்கள்” என்றேன். “ஆனால் கடல் ஏறாத இடமாகப் பார்த்துப் புதையுங்கள். சதை மக்கட்டும். ஒன்றரை வருடம் கழித்து எலும்பை எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கொடுங்கள்.”

அவர் என் பூப்போட்ட முக்காட்டைப் பார்த்தார். புருவம் இல்லாத முகத்தையும் பார்த்தார். ஒன்றரை வருடம் கழித்து யார் வருவார்கள் என்று அவருக்குத் தோன்றியிருக்கும்.

“சிக்கு, யார் வந்து தோண்டுவார்கள்?” என்று, டீச்சரை மலாயில் அழைக்கும் அந்த மரியாதைச் சொல்லோடு, மெதுவாகக் கேட்டார்.

“நான்தான்.”

மேலதிகாரியிடம் பேசிவிட்டு வந்து ‘பொலே’ என்றார். ஆகட்டும் என்று. சந்திரன் மரத்தடியிலிருந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். அவர் புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் இரும்பு வேலை செய்பவர். அந்த வார ஞாயிற்றுக்கிழமை, புதைத்த இடத்துக்கு அடையாளமாக, திமிங்கிலத்தின் தலைமாட்டில் ஒரு இரும்புக் குழாயும் கால்மாட்டில் ஒரு இரும்புக் குழாயும் அடித்து வைத்தார். திமிங்கிலத்துக்கு ஏது கால்மாடு? அவர் அப்படித்தான் சொன்னார்.

சட்டிக் குழம்பும் கோப்பைக் குழம்பும்

கதீஜா அக்காவுக்குப் பதில் தேட வேண்டுமென்றால், முதலில் இந்தப் பிராணி ஏன் இவ்வளவு பெரிதானது என்று தெரிய வேண்டும். வீட்டில் படுத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன். வாந்தி வந்தால் மூடி வைப்பேன். நின்றால் திறப்பேன்.

சின்ன வயதில் இதே கேள்வியை நான் கேட்டதுண்டு. அப்பா லாரி ஓட்டினார். கெரிக் காட்டுச் சாலையில் ஒரு முறை என்னையும் கூட்டிக்கொண்டு போனபோது யானை மந்தை குறுக்கே வந்தது. அப்பா விளக்கை அணைத்தார், எஞ்சினை நிறுத்தினார். “ஏன்ப்பா இது இவ்ளோ பெருசு?” என்று கேட்டேன். “எவனும் அடிக்க முடியாதில்ல, அதான்” என்றார். யானை சாவகாசமாகப் போனது. எங்களுக்குப் பின்னால் நின்ற வண்டிகள் எல்லாம் வாயை மூடிக்கொண்டு நின்றன.

அப்பா சொன்னது சரிதான். ஆனால் அது பாதிதான். வளர்ந்த யானையைப் புலி தொடாது. பெரிய உடம்பே ஒரு வேலி. மீதிப் பாதியை அக்காவின் கடையில் வைத்துத்தான் அவருக்குச் சொன்னேன்.

மத்தியானக் கூட்டம் கலைந்த நேரம். ரசக் கோப்பை என் முன்னால் ஆறிக்கொண்டிருந்தது. பெரிய சட்டியில் மீன்தலைக் குழம்பு இன்னும் ஆவி விட்டது.

“அக்கா, ரெண்டும் ஒண்ணா எறக்குனதுதானே? கோப்பை ஆறிப்போச்சு. சட்டி ஏன் ஆறல?”

“சட்டி பெருசு. சூடு உள்ளயே நிக்கும்.”

“திமிங்கிலமும் அப்படித்தான். அதுக்கு நம்மள மாதிரி வெதுவெதுன்னு ரத்தம். கடல் தண்ணி எப்பவும் சூட்ட உறிஞ்சிக்கிட்டே இருக்கும். ஒடம்பு பெருசா இருந்தா சூடு சீக்கிரம் போகாது. அதனால, அதோட எடைக்குப் பாத்தா, எலி திங்கிற அளவு அது திங்க வேணாம்.”

“எலி எப்பப் பாத்தாலும் தின்னுக்கிட்டே இருக்கும்” என்றார் அக்கா, கடைக்காரர்களுக்கே உரிய வெறுப்போடு.

“நெத்திலி எப்பவும் ஒரே எடத்துல கெடைக்காது இல்லையா? இங்க ஒரு கூட்டம், எங்கயோ தூரத்துல இன்னொரு கூட்டம். சின்ன ஒடம்பு நடுவுலயே பட்டினியில செத்துரும். பெரிய ஒடம்பு கொழுப்ப சேத்து வச்சுக்கிட்டுப் போய்ச் சேந்துரும். அதோட, தண்ணி தாங்கிப் பிடிக்குது. யானை இதுக்கு மேல பெருத்தா கால் தாங்காது. எடை கூடுற வேகத்துக்குக் காலோட பலம் கூடாது. கடல்ல அந்தக் கவல இல்ல.”

“அப்ப அது பெருசாகணும்னு நெனச்சுப் பெருசாச்சா?”

“இல்லக்கா. அது ஒண்ணும் நெனைக்கல. ஒரே கூட்டத்துல கொஞ்சம் பெருசு, கொஞ்சம் சின்னதுன்னு பொறக்கும். பெருசா இருந்தது பஞ்சத்துல பொழைச்சது. பொழைச்சது குட்டி போட்டுச்சு. குட்டியும் பெருசு. இப்படியே லட்சக்கணக்கான வருசம். பூமியோட கணக்குல பாத்தா, இவ்ளோ பெரிய திமிங்கிலம் வந்ததெல்லாம் முந்தாநாள் சமாச்சாரம்.”

அக்கா கல்லாவில் கையூன்றி யோசித்தார். தொழுகைக்கு நேரம் தவறாதவர். நான் கொஞ்சம் தயங்கித்தான் இதையெல்லாம் சொன்னேன்.

“படைச்சவன் அவன்தான்” என்றார் கடைசியில். “எப்படிப் படைச்சான்னு கேக்குறதுல குத்தமில்ல. நெத்திலியக் குடுத்து மலைய வளத்துருக்கான். அது சரி, நான் கேட்டது இதில்லியே டீச்சர். கேன்சர்.”

பெரிய உடம்பின் பாரம்

பெரிய உடம்பு என்றால் சும்மா இல்லை. நிறையத் தின்ன வேண்டும். குட்டி ஒன்றுதான், அதுவும் பல மாதம் சுமந்து. உலகத்தில் பெரிய பஞ்சம் வந்தால் முதலில் போவது பெரிய உடம்புதான். எலி தப்பிக்கும்.

அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருக்கிறது. உடம்பு வளர்வது என்றால் செல் பிரிவது. ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். ஒவ்வொரு முறை பிரியும்போதும் நகல் எடுப்பதில் ஒரு பிழை வரலாம். அப்படி ஏறும் பிழைகளில் ஒன்றுதான் என் மார்பில் வந்தது. அப்படியானால் நம்மைவிடப் பல மடங்கு செல் உள்ள திமிங்கிலம், அதுவும் நீண்ட காலம் வாழ்வது, புற்றுநோயால் குட்டியிலேயே செத்திருக்க வேண்டும். யானையும் அப்படித்தான்.

சாகவில்லை. அவற்றுக்குப் புற்று வரவே வராது என்பதில்லை. ஆனால் வர வேண்டிய அளவுக்கு வருவதில்லை.

இதைப் படித்த அன்று எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஏன் என்று தேடினேன். நம் உடம்பில் ஒரு மரபணு இருக்கிறது. செல்லில் பழுது கண்டால், திருத்து, முடியாவிட்டால் செத்துப்போ என்று உத்தரவு போடும். யானையிடம் அதற்கு நிறைய நகல்கள் இருக்கின்றன. பழுதான செல் தப்பிக்க முடியாது. திமிங்கிலத்தின் வழி வேறு. அதன் செல் பழுது பார்ப்பதில் கெட்டிக்காரத்தனம் காட்டுகிறது என்கிறார்கள். முழுக் கதை இன்னும் யாருக்கும் தெரியாது. தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்குப் புரிந்தது இதுதான். பெரிதாவது மட்டும் போதாது. பெரிதாகிக்கொண்டே வந்த ஒவ்வொரு படியிலும், காவலும் கூடவே வளர்ந்திருக்க வேண்டும். காவல் இல்லாமல் வளர்ந்தவை நம் கண்ணுக்கு வந்து சேரவில்லை.

அடுத்த முறை மருந்து ஏற்றும்போது அக்காவிடம் சொன்னேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

“அப்ப வழி இருக்கு” என்றார் கண்ணைத் திறக்காமலே. “ஏதோ ஒரு ஒடம்புல வழி இருக்கு. நமக்கு இன்னும் கெடைக்கல, அவ்ளோதான்.”

பிறகு சொன்னார்: “நீங்க அந்த எலும்ப எடுக்கப் போறப்ப நானும் வருவேன். சொல்லிட்டேன்.”

மழை வருவதற்குள்

ஒன்றரை வருடம் ஓடியது. எனக்கு முடி முளைத்தது, சுருள் சுருளாக. மருந்தும் கதிர்வீச்சும் முடிந்தன. மூக்கும் திரும்பி வந்தது.

அப்போதுதான் அந்தக் கரையில் கடலரிப்பைத் தடுக்கக் கல் கொட்டப் போகிறார்கள் என்று தெரிந்தது. விசாரித்தேன். நாங்கள் புதைத்த இடமும் அதற்குள் வந்தது. வேலை அந்த வாரக் கடைசியில் ஆரம்பம். கல் விழுந்துவிட்டால் பிறகு எலும்பைப் பார்க்க முடியாது.

தலைமையாசிரியை, “சரசா, ஒடம்பப் பாருங்க, அடுத்த வருசம் வேற ஏதாவது பண்ணலாம்” என்றார். அடுத்த வருடம் வேறு எந்தத் திமிங்கிலம் எங்களைத் தேடி வரும்? விடுப்பு எடுத்தேன். சந்திரனும் எடுத்தார். கல் வேலைக்கு வந்திருந்த ஆ செங்கிடம் போய்க் கேட்டோம். மேல் மணலை மட்டும் அள்ளித் தருகிறேன், மிச்சம் உங்கள் பாடு என்றார். பள்ளியிலிருந்து ஆசிரியர்கள் சிலர் வந்தார்கள். கதீஜா அக்கா எல்லாருக்கும் சோற்றுப் பொட்டலம் கொண்டு வந்தார். கொடுத்துவிட்டுப் போவார் என்று பார்த்தால், காடியின் பின்னாலிருந்து மண்வெட்டியை எடுத்தார்.

இப்படித்தான் நான் முதலில் சொன்ன குழிக்குள் வந்து சேர்ந்தோம்.

விலா எலும்புகள் ஒவ்வொன்றாக வந்தன. முதுகெலும்புத் துண்டுகள் முக்காலி மாதிரி இருந்தன. ஒரு விலாவின் நடுவில் முடிச்சுப் போட்டாற்போல் ஒரு புடைப்பு இருந்தது. உயிரோடு இருந்தபோது எதிலோ அடிபட்டு ஒடிந்து, மறுபடி சேர்ந்த இடம். அதோடு பல வருடம் நீந்தியிருக்கிறது. துணி சுற்றித் தனியாக எடுத்து வைத்தோம்.

மத்தியானத்துக்கு மேல் மண்டை ஓடு மட்டும் பாக்கி. ஆளைவிட நீளமானது. பாதி சேற்றுக்குள் இருந்தது. மழை பிடித்துக்கொண்டது. கடலும் ஏறத் தொடங்கியது. குழியின் அடியில் தண்ணீர் ஊறியது.

ஆ செங் மேலேயிருந்து மலாயில் கத்தினார். ஓரம் சரியப் போகிறது, எல்லாரும் ஏறி வாருங்கள், தலை போனால் போகட்டும் என்றார்.

அப்போது அக்கா குழியின் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். உதடு வெளுத்திருந்தது.

“அக்கா, நீங்க மேல போங்க. போதும்.”

“டீச்சர், ஒண்ணு சொல்லணும்” என்றார். “நேத்து ரிப்போர்ட் வந்துச்சு. ஈரல்ல வந்துருச்சாம்.”

மழை என் கண்ணில் அடித்தது. அவர் சொன்னது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைக்க விரும்பினேன். கேட்டிருந்தது.

“இத வச்சுக்கிட்டா குழிக்குள்ள எறங்குனீங்க? வாங்க, வீட்டுக்குப் போகலாம்.”

“வீட்டுல போய்? செவத்தப் பாத்துக்கிட்டு ஒக்காரவா?” அவர் குரல் உயர்ந்தது. நான் அதுவரை கேட்டிராத குரல். “ஊசி அடுத்த வாரந்தான். மண்வெட்டி இன்னிக்கு. இத வுட்டுட்டுப் போனா நான் அந்த ஊசியையும் வுட்டுருவேன் டீச்சர். என்னப் பத்தி எனக்குத் தெரியும்.”

நான் அவரைப் பார்த்தேன். பிறகு மேலே பார்த்துக் கத்தினேன்: “என்னங்க! தலைய எடுக்கணும். வழி சொல்லுங்க!”

சேறு விட்டது

சந்திரன் ஓடினார். கல் வேலைக்காரர்களின் பலகைகளைக் கொண்டு வந்து குழியின் சரியும் பக்கத்தில் அணை கொடுத்தார். தண்ணீர் இறைக்க ஒரு மீனவர் தன் பம்பைத் தந்தார். அக்காவைக் கரையேற்றிப் பம்பின் பக்கத்தில் உட்கார வைத்தோம். “நான் சொல்றப்ப தொறங்க, நான் சொல்றப்ப மூடுங்க” என்று சந்திரன் அவரிடம் குழாய் வாயின் பிடியைக் கொடுத்தார்.

மண்டையைச் சுற்றி அகலமான நாடா கட்டினோம். ஆ செங் முணுமுணுத்துக்கொண்டே வண்டியில் ஏறினார். இயந்திரக் கை தூக்கியது. நாடா விறைத்தது. மண்டை அசையவில்லை. வண்டிதான் முன்னால் சாய்ந்தது.

“சேறு கவ்விப் பிடிச்சிருக்கு” என்றார் சந்திரன். “இழுத்தா ஒடஞ்சிரும். கீழ தண்ணி விடணும்.”

மீனவரின் பம்புக் குழாயைத் திருப்பினோம். நான் குப்புறப் படுத்து, குழாயின் முனையை மண்டைக்கு அடியில் செருகினேன். தண்ணீர் சீறியது. சேறு என் முகம், வாய், காது எல்லாவற்றிலும் தெறித்தது. கையை உள்ளே விட்டேன். தோள் வரை போனது. அறுவை செய்த பக்கம் சுரீரென்றது. விடவில்லை.

“தொறங்க அக்கா! முழுசா!”

“தொறந்துட்டேன் லா!”

‘கொள்’ என்று ஒரு சத்தம். பூமி ஏப்பம் விட்ட மாதிரி. மண்டை ஒரு பக்கமாக மேலெழும்பியது. சந்திரன் என் காலைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். ஆ செங் இந்த முறை முணுமுணுக்கவில்லை. அங்குலம் அங்குலமாகத் தூக்கினார். சேறும் தண்ணீரும் வழிய அது எங்கள் தலைக்கு மேலே போய், கரையில் இறங்கியது. குழியின் ஓரம் அதற்குப் பிறகுதான் சரிந்தது.

யாரும் கைதட்டவில்லை. ஆ செங் வண்டியிலிருந்து இறங்கி வந்து, மழையில் நின்று, மண்டையின் மேல் உள்ளங்கையை வைத்தார். வெகுநேரம் எடுக்கவில்லை.

இரும்புக் கால்கள்

எலும்புகளைத் தொட்டிகளில் சவர்க்காரத் தண்ணீரில் மாதக்கணக்கில் ஊறவைத்தோம். எண்ணெய் வந்துகொண்டே இருந்தது. துடுப்பின் சின்ன எலும்புகளை, அக்கா கடையில் கைப்பிடி உடைந்து ஒதுக்கிய சட்டியில் போட்டுச் சூடாக்கினோம். வால் நுனியில் சில துண்டுகள் கிடைக்கவே இல்லை. அந்த இடத்தைக் காலியாகவே விட்டோம். பொய் எலும்பு செய்து வைக்க எனக்கு மனம் வரவில்லை.

சந்திரன் வேலை முடிந்து பாலத்தைக் கடந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, பள்ளி மண்டபத்தில் இரும்புக் கால்களைப் பற்றவைத்தார். பல மாதம் எங்கள் வீட்டுச் சட்டைகளில் எல்லாம் பொறி பட்ட ஓட்டைகள்.

திறந்து வைத்த அன்று அக்கா வந்தார். இரண்டாம் சுற்று மருந்தில் பாதியில் இருந்தார். இளைத்திருந்தார். விலா எலும்புகளுக்கு அடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்தார். அவருக்கு அங்கே நிற்க இடம் தாராளமாக இருந்தது.

பிள்ளைகள் இப்போது அதைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போகிறார்கள். முதல் வாரம் வாய் பிளந்தார்கள். இரண்டாம் வாரம் அதன் கீழே உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்கள். கேள்வி மட்டும் நிற்கவில்லை. ஏன் டீச்சர் இவ்ளோ பெருசு? நான் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்கிறேன்.

போன வாரம் அக்காவின் பரிசோதனை முடிவு வந்தது. நானும் கூடப் போனேன். டாக்டர் சீனப் பெண்மணி, மலாயில் பேசுவார். திரையைப் பார்த்தார். பழைய படத்தைப் பக்கத்தில் வைத்தார். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். பிடி இறுகியது.

“சுடா கெச்சில்” என்றார் டாக்டர்.

சின்னதாகிவிட்டது.

அக்கா அதை நம்பாதவர் போலக் கேட்டார். “கெச்சில்? எவ்ளோ?”

டாக்டர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, முன்பு இருந்த அளவைக் காட்டினார். ஒரு எலுமிச்சம்பழம் நிற்கும். பிறகு விரல்களை நெருக்கினார். ஒரு கொண்டைக்கடலை.

“முழுசாப் போகலியா?” அக்கா கேட்டார்.

போகவில்லை என்றார் டாக்டர். இனிமேல் போகும் என்று தன்னால் சொல்ல முடியாது. ஆனால் மருந்து வேலை செய்கிறது. களைப்பு அதிகமாக இருந்தால் சில வாரம் இடைவெளி விடலாம்.

“வேணாம்” என்றார் அக்கா. “அது சின்னதா இருக்கிறப்பவே அடிக்கணும். அடுத்த ஊசி என்னிக்கு?”

செவ்வாய்க்கிழமை என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் அக்கா சுவரோரம் நின்று முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் அவர் முதுகில் கை வைத்து நின்றேன்.

பிறகு மூக்கைச் சிந்தினார். கைப்பேசியை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டார்.

“தம்பி, மத்தியானக் கூட்டத்துக்கு நான் வந்துர்றேன். அந்த மீன்தலையில நீ கை வைக்காத.”